எப்பக்கம் திருகினால் இறுகும்?

குழாயின் முனையில் சுருளாக வெட்டப்படும் வரிகளுக்கு மரை என்று பெயர். குழாயின் வெளிப்பரப்பில் அமைந்தது வெளிமரை என்றும், அதை உள்வாங்கிக்கொள்ளும் எல்போ, டீ, சாக்கெட் போன்ற இணைப்புகளின் உட்சுவரில் அமைந்தது உள்மரை என்றும் சொல்லப்படும். வலப்பக்கம் திருகினால் இறுகும், இடப்பக்கம் திருகினால் கழலும் என்பது தண்ணீர்க் குழாய் உள்ள எந்த வீட்டிலும் தெரிந்த செய்திதான். ஆயினும் கை கழுவும் தொட்டிக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாமல் கைக்கு மட்டும் எட்டுகிற ஒரு நட்டைக் கழற்ற முயலும்போது, பல ஆண்டுகள் பிளம்பர் வேலை பார்த்தவருக்கும் ஒரு கணம் திசை குழம்பிவிடுவதுண்டு. சுவரில் பொருத்திய குழாயை நேரே நின்று திருகுபவருக்கு இந்தக் குழப்பம் வருவதில்லை. அதே வகை மரையும் அதே ஸ்பேனரும் ஓரிடத்தில் தெளிவையும் மற்றோரிடத்தில் தடுமாற்றத்தையும் தருவதற்குக் காரணம், மேற்சொன்ன விதியில் பாதி விடுபட்டிருப்பதுதான்: வலம், இடம் என்பவை, பார்ப்பவர் எந்தப் பக்கத்தில் நிற்கிறார் என்பதையும் சேர்த்துச் சொன்னாலன்றிப் பொருள் தராதவை.

சிதம்பரத்தில் ஆனித் திருமஞ்சனத்தையும் மார்கழி ஆருத்திரா தரிசனத்தையும் ஒட்டி நடக்கும் தேரோட்டத்தில், கீழவீதியில் புறப்படும் தேர்கள் தெற்கு வீதி, மேலவீதி, வடக்கு வீதி என்று சுற்றி நிலைக்குத் திரும்புகின்றன. கோபுரத்தின் உச்சியிலிருந்து குனிந்து பார்ப்பவருக்கு இது கடிகார முள் சுற்றும் திசை, அதாவது பாடநூல்கள் வலஞ்சுழி என்று குறிப்பிடும் சுழற்சி. வீதியின் தளத்துக்குக் கீழேயிருந்து அண்ணாந்து பார்க்க ஒருவரால் முடியுமானால், அதே தேரோட்டம் அவருக்கு முள்ளுக்கு எதிரான இடஞ்சுழியாகவே தெரியும். குழாய் வேலையில் நேரும் திசைக் குழப்பம் முழுவதும் இந்த ஒரு செய்தியில் அடங்கியிருக்கிறது, ஏனெனில் நிமிர்ந்து நின்று செய்யும் வேலையில் கோபுரத்து உச்சியில் இருப்பவர், தொட்டிக்கு அடியில் மல்லாந்து படுத்தவுடன் தம்மை அறியாமலே தளத்துக்குக் கீழே போய்விடுகிறார்.

ஆகவே கடிகாரத்தை மறந்துவிட்டுத் தம் வலக்கையை நம்புவதே நல்லது. திருகப்படும் உறுப்பு எந்தப் பக்கமாக நகர வேண்டுமோ அந்தப் பக்கம் வலக்கைப் பெருவிரலை நீட்டி, மற்ற நான்கு விரல்களையும் மடக்கினால், அவை எப்படிச் சுருள்கின்றனவோ அப்படியே அந்த உறுப்பைச் சுற்ற வேண்டும். மின்னோட்டம் செல்லும் கம்பியைச் சூழ்ந்த காந்தப்புலத்தின் திசையைக் காண்பதற்காகப் பள்ளி இயற்பியலில் கற்பிக்கப்படும் பெருவிரல் விதி இதுவே. பாடநூலில் அதனுடன் சேர்த்துச் சொல்லப்படும் வலக்கைத் திருகு விதியின் பெயரிலேயே திருகாணி இருந்தும், தேர்வு முடிந்தபின் அதைக் குழாயடியில் நினைத்துப் பார்ப்பவர்கள் குறைவு என்பது வருந்தத்தக்கது. இந்த விதியின் சிறப்பு, இறுக்குவதற்கு ஒன்றும் கழற்றுவதற்கு ஒன்றுமாக இரண்டைப் பாடம் செய்யத் தேவையில்லை என்பதாகும். உறுப்பு உள்ளே போக வேண்டுமானால் பெருவிரல் உள்நோக்கியும், வெளியே வர வேண்டுமானால் வெளிநோக்கியும் இருக்கும், விரல்களின் சுருள் தானே சரியான திசையைக் காட்டும், வேலை செய்பவர் நின்றாலும் படுத்தாலும் விடை மாறாது.

கை கழுவும் தொட்டியின் மேல் பொருத்தப்படும் குழாயை எடுத்துக்கொண்டால், அதன் தண்டு தொட்டியின் துளை வழியே கீழே இறங்க, அடியிலிருந்து ஒரு நட்டு ஏறி அதைப் பிடித்துக்கொள்கிறது. இறுக்கும்போது நட்டு மேல்நோக்கிப் போகிறது என்பதால் பெருவிரலை மேல்நோக்கி நீட்டிப் பார்த்தால், விரல்கள் மேலிருந்து பார்ப்பவருக்கு இடஞ்சுழியாகவும் கீழே படுத்திருப்பவருக்கு வலஞ்சுழியாகவும் சுருள்வது தெரியும். தொட்டியின் மேலே குனிந்தபடி, பின்புறமாகக் கையை விட்டுத் தடவிச் செய்பவர் வலப்பக்கம் திருகுவதாக எண்ணி நட்டைக் கழற்றிவிடுவது இதனால்தான். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியில் இது இன்னும் நுட்பமாக அமைகிறது. தொட்டியின் சுவரைத் துளைத்துச் செல்லும் டேங்க் நிப்பிளில் உள்ளே ஒரு நட்டும் வெளியே ஒரு நட்டும் சுவரை இருபுறமும் நெருக்கிப் பிடிக்கின்றன. வெளி நட்டு உள்நோக்கியும் உள் நட்டு வெளிநோக்கியும் நகர வேண்டியிருப்பதால், வெளியே நிற்பவரின் கண்ணுக்கு இரண்டும் எதிரெதிர்த் திசைகளில் சுற்றினால்தான் இரண்டும் இறுகும். ஒன்றின் மரை வேறு, மற்றதன் மரை வேறு என்று நினைப்பது தவறு.

சுற்றும் திசை பார்ப்பவரைப் பொறுத்து மாறினாலும், மரையின் சுருள் அப்படி மாறுவதில்லை. ஒரு நட்டை எந்த முகமாகத் திருப்பிப் போட்டாலும் அது அதே போல்ட்டில் ஏறுவது இதற்குச் சான்று. சங்கின் சுருளும் அப்படிப்பட்டதே. சிதம்பரத்தை அடுத்த பரங்கிப்பேட்டையில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் இருக்கிறது. அத்துறையினர் ஒரு சங்கின் சுருள் பக்கத்தைத் தீர்மானிக்கும்போது அதன் சுருள்கூம்பை மேலே வைத்து, வாய் தம்மை நோக்கியிருக்கும்படி பிடித்து, வாய் எந்தப் பக்கம் அமைகிறது என்று பார்க்கிறார்கள். வழிபாட்டு மரபிலோ சங்கு இதற்குத் தலைகீழாக, நீண்டு ஒடுங்கிய முனை மேலிருக்கும்படி வைக்கப்படுகிறது. அதனால்தான் அரிதாகக் கிடைத்துப் பெரும் விலை பெறும் வலம்புரிச் சங்கை உயிரியலார் இடச்சுருள் கொண்டதாக வகைப்படுத்துகிறார்கள்; இரு தரப்பினரும் சொல்வது அவரவர் பிடித்துப் பார்க்கும் முறைக்குச் சரியே. பெருவிரல் விதியைக் கொண்டு அளந்தால், கடற்கரையில் சாதாரணமாகக் கிடைக்கும் சங்கு நம் வீட்டுக் குழாய் மரையைப் போலச் சுருண்டிருக்கிறது, வலம்புரியோ அதற்கு நேர் எதிரான இடமரையைப் போலச் சுருண்டிருக்கிறது.

அதே பரங்கிப்பேட்டையில், 1830-ஆம் ஆண்டையொட்டி ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி, சேலம் பகுதி இரும்புத் தாதுவையும் மரக்கரியையும் கொண்டு ஓர் இரும்பு உருக்காலையைத் தொடங்கினார். அந்த ஆலை இயங்கத் தொடங்கிய காலத்தில் மரைக்கென்று பொது அளவு எதுவும் உலகில் இல்லை. ஒவ்வொரு பட்டறையும் தனக்குத் தோன்றிய இடைவெளியிலும் கோணத்திலும் மரை வெட்டியது, ஒரு பட்டறையின் நட்டு இன்னொன்றின் போல்ட்டில் ஏறாது. இங்கிலாந்தில் ஜோசப் விட்வொர்த் பல பட்டறைகளின் திருகுகளைச் சேகரித்து ஒப்பிட்டு, 55 பாகைக் கோணமும் ஒவ்வொரு பருமனுக்கும் ஒரே எண்ணிக்கையிலான வரிகளும் கொண்ட பொது முறையை 1841-இல் முன்வைத்தார். இந்தியாவில் இன்றும் குழாய்களில் வெட்டப்படும் மரை அவர் வகுத்த வடிவத்தின் வழிவந்ததே. அரை அங்குலக் குழாய் என்று கடையில் கேட்டு வாங்கப்படுவதன் வெளிமரை விட்டம் உண்மையில் சுமார் 21 மில்லிமீட்டர். ஓர் அங்குல நீளத்தில் 14 வரிகள் இருப்பதால், ஒரு முழுச் சுற்றுக்கு அது ஏறத்தாழ 1.8 மில்லிமீட்டர் முன்னேறும். ஓர் அங்குலக் குழாயிலோ 11 வரிகளே உண்டு. அமெரிக்க முறையில் மரையின் கோணம் 60 பாகை என்பதாலும், அரை அங்குல அளவில் அதற்கும் 14 வரிகளே என்பதாலும், அந்நாட்டு அளவில் செய்யப்பட்ட கருவியின் முனை நம் ஊர் எல்போவில் முதல் சில சுற்றுகள் இதமாக ஏறி, பிறகு இறுகியதுபோல் காட்டி, தண்ணீர் விட்டதும் கசிகிறது. இறுகும் திசை சரியாக இருந்தும் கசிகிற இணைப்பில் சந்தேகிக்க வேண்டிய முதல் செய்தி இது.

உலகம் வலமரையையே பொது வழக்காகக் கொண்டதற்கு, பெரும்பாலோர் வலக்கைப் பழக்கம் உடையவர்கள் என்பதும், உள்ளங்கை மேல்நோக்கித் திரும்பும் அசைவில் மேற்கைத் தசையின் முழு வலிமையும் சேர்வதால் வலக்கையால் இறுக்கும் திசைக்குக் கூடுதல் பலம் கிடைக்கிறது என்பதும் விளக்கமாகச் சொல்லப்படுகின்றன. எனினும் பட்டறைகளில் லெஃப்ட் திரெட் என்று வழங்கும் இடமரை முற்றிலும் விலக்கப்பட்டுவிடவில்லை. மேசை மின்விசிறியின் இறக்கையைப் பிடித்திருக்கும் நடுத்தொப்பி பொதுவாக இடமரை கொண்டது. விசிறி சுழலத் தொடங்கும் ஒவ்வொரு முறையும் தொப்பி சற்றுப் பின்தங்குவதால், வலமரையாக இருந்தால் சிறுகச் சிறுகக் கழன்றுவிடும், இடமரையாக இருப்பதால் இறுகுகிறது. வெல்டிங் கடைகளில் கறுப்பு நிற ஆக்சிஜன் உருளையின் இணைப்புகள் வலமரையாகவும், அரக்கு நிற அசெட்டிலின் உருளையின் இணைப்புகள் இடமரையாகவும் இருப்பது, எரியும் வாயுவின் குழாயை ஆக்சிஜனில் தவறி மாட்டிவிடாமல் தடுக்கும் ஏற்பாடு. இடமரை நட்டின் மூலைகளில் சிறு வெட்டுகள் இட்டு அதைக் கண்ணுக்கும் தெரியச் செய்திருக்கிறார்கள். இடமரைக்குத் தனி விதி வேண்டியதில்லை, பெருவிரல் விதியை இடக்கையால் செய்துகொண்டால் போதும்.

தெருக் குழாய்களில் பொருத்தப்படும் கேட் வால்வுக்குள் ஒளிந்திருக்கும் இடமரை இவற்றினும் சுவையானது. கைப்பிடியை வலப்பக்கம் சுற்றினால் மூட வேண்டும் என்பது நம் நாட்டுப் பொது வழக்கம். தண்டு மேலெழாமல் நின்ற இடத்திலேயே சுற்றும் வகை வால்வில், உள்ளிருக்கும் கதவு தண்டின் மரையில் நட்டுப்போல ஏறி இறங்குகிறது. தண்டு வலமரையாக இருந்தால் வலப்பக்கச் சுற்றுக்குக் கதவு மேலே ஏறி வால்வு திறந்துவிடும் என்பதால், தண்டை இடமரையாக வெட்டி, வெளியே சுற்றுபவரின் பழக்கத்துக்கு இணங்கக் கதவைக் கீழே இறக்குகிறார்கள். வால்வைச் சுற்றும் மனிதர் எதையும் நினைவில் வைக்க வேண்டாதபடி அந்தச் சுமையை வடிவமைப்பாளர் தாமே ஏற்றுக்கொண்டிருப்பது போற்றத்தக்கது.

திசை சரியாகத் தெரிந்தபின், நீர் கசியாமல் தடுக்கும் டெஃப்லான் டேப்பைச் சுற்றுவதிலும் அதே திசையறிவு வேண்டும். வெளிமரையின் திறந்த முனை தம்மை நோக்கியிருக்க அதைப் பிடித்துக்கொண்டு வலஞ்சுழியாக டேப்பைச் சுற்றினால், இணைப்பு ஏறும்போது அதன் உள்மரை டேப்பின் கடைசி நுனியை மேலும் இழுத்து ஒட்டவைக்கும். எதிராகச் சுற்றிய டேப் திருகத் திருகச் சுருண்டு வெளியே பிதுங்கும். டேப்புக்கு முன்பு சணல் நாரும் வெள்ளை ஈயக் கலவையும் பயன்பட்டபோதும் நாரைச் சுற்றும் திசை இதுவே. குழாயின் வெளிமரை முனையை நோக்கி 16-க்கு 1 என்ற விகிதத்தில் ஒடுங்கிச் செல்லும்படி வெட்டப்படுவதால், போகப்போக இறுக்கம் கூடிக்கொண்டே வரும். எல்போவின் வாய் வேண்டிய பக்கம் திரும்பவில்லை என்பதற்காக இறுகிய பின் பின்னோக்கித் திருப்பினால், நசுங்கிப் படிந்த டேப் மரையிலிருந்து விலகிக் கசிவு தொடங்கும். அத்தகைய நிலையில் முன்னோக்கியே சிறிது திருப்ப வேண்டும், அதற்கு இடமில்லையென்றால் கழற்றிப் புதிய டேப் சுற்ற வேண்டும்.

கடலூர் மாவட்டக் கரையோரத்தில் துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்கள், அதாவது ஜி.ஐ. குழாய்கள், முதலில் அரிக்கப்படுவது மரையில்தான், ஏனெனில் மரை வெட்டும்போது துத்தநாகப் பூச்சு சீவப்பட்டுக் குழாயின் சுவரும் மெலிகிறது, உப்புக்காற்று அங்கே எளிதில் பற்றுகிறது. துருவேறி இறுகிய மரையைக் கழற்றுகையில் தவறான திசையில் பலத்தைச் செலுத்தினால் அது மேலும் இறுகி, மெலிந்த இடத்தில் முறிந்து, பாதி மரை சுவருக்குள் நின்றுவிடும். பைப் ரெஞ்சின் நீண்ட கைப்பிடியில் ஒரு குழாயைச் செருகிப் பலத்தைக் கூட்டுவதற்கு முன் பெருவிரலை ஒருமுறை நீட்டிப் பார்ப்பது இதனால் அவசியமாகிறது. ரெஞ்சும் ஒரு திசைக்கே பற்றும். அதன் தாடைகளின் திறந்த வாய் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கமாகக் கைப்பிடியை இழுக்க வேண்டும், மறுபக்கம் இழுத்தால் வழுக்கும்.

ஒரு மரையின் திசையை அறிந்தவரும் ஏமாறும் இடம், இரு முனைகளிலும் மரை கொண்ட குழாய். இரண்டு எல்போக்களுக்கு நடுவே கிடைமட்டமாக இருக்கும் அத்தகைய குழாயைச் சுற்றினால், பெருவிரல் விதிப்படி அது ஒரு பக்கமாக நகர்ந்தாக வேண்டும். இடப்பக்க எல்போவுக்குள் எத்தனை வரி நுழைகிறதோ, வலப்பக்க எல்போவிலிருந்து அத்தனை வரி வெளியே வரும். இரு முனைகளும் வலமரையாக இருக்கும் வரை, ஒரே சுற்றில் இரண்டையும் இறுக்கவோ இரண்டையும் கழற்றவோ இயலாது, எந்தத் திசையில் முயன்றாலும் ஒன்று மற்றதை மறுக்கும். இந்தச் சிக்கலைத் தீர்ப்பதற்காகவே யூனியன் என்ற மூன்று துண்டு இணைப்பு இருக்கிறது: அதன் இரு பாதிகள் இரு குழாய்களில் தனித்தனியே இறுகிக்கொள்ள, நடுவிலுள்ள பெரிய நட்டு மட்டும் சுற்றி இரண்டையும் முகத்தோடு முகம் அழுத்திப் பிடிக்கிறது, குழாய் எதுவும் சுழல வேண்டியதில்லை. யூனியன் நட்டு ஒரு பாதியின் விளிம்பில் தளர்வாகத் தொங்கி மற்றப் பாதியின் மரையில் ஏறுவதால், மரை தெரியும் பாதியை நோக்கிப் பெருவிரலை நீட்டித் திசையைக் காணலாம். மோட்டாருக்கும் தண்ணீர் மீட்டருக்கும் பக்கத்தில் யூனியன் வைக்காமல் செலவைக் குறைக்கும் வீடுகளில், பின்னாளில் ஒரு துண்டை மாற்றுவதற்காக வரிசையின் கடைசி முனையிலிருந்து எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டு வரவோ குழாயை அறுக்கவோ நேர்கிறது. எந்த இணைப்பைக் கழற்றினாலும் அடுத்த குழாயை இரண்டாவது ரெஞ்சால் அசையாமல் பிடிக்க வேண்டியதும் இதே காரணத்தால்தான். பிடிக்காவிட்டால் கழற்ற நினைத்த இணைப்பு அப்படியே நிற்க, சுவருக்குள் இருக்கும் இன்னொன்று ஓசையின்றித் தளர்ந்துவிடும்.

நிலத்துக்குள் செங்குத்தாக இறங்கும் குழாய் வரிசையில் இந்தத் தவற்றின் விலை பல மடங்காகிறது. புவியியலாளர்கள் கடலூர் மணற்கல் என்று கடலூரின் பெயரையே சூட்டியிருக்கும் நீர்தாங்கும் படிவத்தை இம்மாவட்டத்தின் பல ஆழ்துளைக் கிணறுகள் எட்டுகின்றன. 1970-களில் யூனிசெஃப் துணையுடன் உருவாகி நாடெங்கும் பரவிய இந்தியா மார்க் 2 அடிபம்பில், ஒவ்வொன்றும் 3 மீட்டர் நீளமும் 32 மில்லிமீட்டர் அளவும் கொண்ட ஜி.ஐ. குழாய்கள் சாக்கெட்டுகளால் கோக்கப்பட்டு, மேலே தலைப்பகுதியிலிருந்து தொங்குகின்றன. பழுது பார்க்க அவற்றை வெளியே எடுக்கும்போது, மேல் குழாய் மேல்நோக்கி வர வேண்டும் என்பதால் அதை மேலிருந்து பார்க்க இடஞ்சுழியாகச் சுற்ற வேண்டும். ஆனால் அதற்கு முன், கீழ்க் குழாயைக் கிணற்றின் வாயில் கிளாம்ப் கொண்டு இறுகப் பற்றியிருக்க வேண்டும். பற்றாமல் சுற்றினால் வரிசை முழுவதும் சேர்ந்து சுழலலாம், அல்லது கண்ணுக்கெட்டாத ஆழத்தில் மிகத் தளர்ந்திருக்கும் இணைப்பு கழன்று அதற்குக் கீழுள்ள அனைத்தும் துளைக்குள் விழலாம்.

துளையிடும் வேலையிலும் இதே கணக்கு உண்டு. திருச்செங்கோட்டிலிருந்து நாடெங்கும் செல்லும் ரிக் வண்டிகளின் துளைக்கம்பிகள் வலமரையால் இணைக்கப்பட்டு, மேலிருந்து பார்க்க வலஞ்சுழியாகச் சுழல்கின்றன. அடியில் பாறை தடுக்க, மேலே இயந்திரம் முன்னோக்கிச் சுற்றுவதால் ஒவ்வொரு மரையும் வேலை நடக்க நடக்க இறுகுகிறது. சிக்கிய கம்பியை விடுவிக்கப் பின்னோக்கிச் சுற்றினால் அதே தடை மரையைக் கழற்றிவிடும் என்பதால், அனுபவமுள்ள இயக்குநர்கள் அதைத் தவிர்க்கிறார்கள்.

சப்மெர்சிபிள் மோட்டாரில் நிலைமை நேர்மாறானது. பெரும்பாலான இத்தகைய மோட்டார்களின் சுழல்தண்டு மேலிருந்து பார்க்க இடஞ்சுழியாகச் சுற்றுவதால், அதன் எதிர்விளைவு மோட்டாரின் உடலையும் அதனோடு இணைந்த பம்பையும் வலஞ்சுழியாகத் திருக முயல்கிறது. பம்பு மேலேயுள்ள குழாயில் இறுக வேண்டுமானால் அது மேல்நோக்கி நகர வேண்டும், பெருவிரலை மேலே நீட்டினால் விரல்கள் இடஞ்சுழியாகச் சுருளும். எதிர்விளைவோ வலஞ்சுழியாகத் தள்ளுகிறது, ஆகவே சுவிட்சைப் போடும் ஒவ்வொரு முறையும் மோட்டார் தன்னைத் தாங்கும் மரையிலிருந்து தன்னையே கழற்றிக்கொள்ள முயல்கிறது என்பது பொருள். குதிரைத்திறன் கூடக்கூட இந்தத் தள்ளலும் கூடும் என்பதால், இறக்கும்போதே ஒவ்வொரு இணைப்பையும் கையளவில் விடாமல் ரெஞ்சு கொண்டு முழுவதும் இறுக்க வேண்டும். அதன்பிறகும் காவலுக்காகக் கட்டும் கயிற்றைக் குழாயில் கட்டினால் பயனில்லை, பம்பின் தலைப்பகுதியில் அதற்கென உள்ள துளையிலேயே கட்ட வேண்டும், ஏனெனில் கழலக்கூடிய மரைகளில் மிகுந்த தள்ளலைத் தாங்குவது பம்புக்கும் முதல் குழாய்க்கும் நடுவிலுள்ள மரைதான்.